மூன்றாம் செமஸ்டருக்குப் பின் கணினிக் கட்டமைப்பை எங்கே கற்பது?

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரில் பல்கலைக்கழகத் தேர்வுகள் முடிந்ததும், நான் படித்த கல்லூரியின் இரண்டாமாண்டு மாணவர்கள் சிலர் எனக்கு எழுதுவார்கள். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, எழுதிட்டேன், பாஸ் ஆயிடும், ஆனா பைப்லைன் இன்னும் மனசுல உட்காரல. எந்தக் கோர்ஸ் பார்க்கட்டும்?" பைப்லைன் என்பது, ஒரு கட்டளை முடியும் முன்பே அடுத்தடுத்த கட்டளைகளைத் தொடங்கிவிடும் செயலி அமைப்பு. செயலிச் சில்லுகளின் வடிவமைப்பைச் சோதித்துச் சரிபார்க்கும் வேலையில் இருப்பதால் என்னிடம் கேட்கிறார்கள். இதுவரை தனித்தனியாக எழுதி அனுப்பிய விடைகளை இங்கே காரணங்களோடு ஒன்றாக எழுதுகிறேன்.

இந்தக் கேள்வி எங்கிருந்து பிறக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையில் கணிப்பொறி அறிவியல் மாணவர்களுக்கு டிஜிட்டல் சுற்றுகள் ஒரு தாளாகவும் கணினிக் கட்டமைப்பு வேறொரு தாளாகவும் அடுத்தடுத்த செமஸ்டர்களில் இருந்தன. 2021 ஒழுங்குமுறை இரண்டையும் சேர்த்து, மூன்றாம் செமஸ்டரில் சிஎஸ்3351 என்ற ஒரே தாளாக்கியது. முதல் இரண்டு யூனிட்கள் டிஜிட்டல் சுற்றுகளுக்கும், மூன்றாவது கட்டளைகளுக்கும், நான்காவது செயலிக்கும், ஐந்தாவது நினைவகத்துக்கும் உள்ளீட்டு வெளியீட்டுக்கும் போய்விடுகின்றன. பழைய தாளில் இணைச்செயல்பாட்டுக்கென்று தனியாக இருந்த யூனிட் புதிய தாளில் இல்லை. டேட்டாபாத் (தரவு ஓடும் பாதை), கன்ட்ரோல் (அதை இயக்கும் கட்டுப்பாடு), பைப்லைன், அதில் கட்டளைகள் ஒன்றோடொன்று மோதுவதால் வரும் இரு வகை ஹசார்டுகள் அனைத்தையும் ஒரே யூனிட்டின் 9 வகுப்புகளுக்குள் ஆசிரியர் நடத்தி முடித்தாக வேண்டும். வினாத்தாளில் 2 மதிப்பெண் கேள்விகள் பத்து, 13 மதிப்பெண் கேள்விகள் ஐந்து, 15 மதிப்பெண் கேள்வி ஒன்று. பைப்லைன் படத்தை நான்கு முறை வரைந்து பழகிய மாணவர் 13 மதிப்பெண்ணில் பெரும்பகுதியை வாங்கிவிடலாம். படத்திலுள்ள ஒரு கம்பியை அறுத்தால் என்ன ஆகும் என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை.

குறையைப் பாடத்திட்டத்தின் மேல் மட்டும் போட்டுவிடுவது நியாயமாகாது. இந்தப் பாடத்துக்கென்றே ஒரு கடினம் உண்டு. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் தாளில் ஒரு நிரலை விரல் வைத்து வரி வரியாகப் பின்தொடரலாம். இந்த வரி முடிந்தால்தான் அடுத்த வரி. பைப்லைன் செயலியிலோ ஒரே கணத்தில் ஐந்து கட்டளைகள் ஐந்து நிலைகளில் உயிரோடு இருக்கின்றன. முதல் கட்டளை தன் விடையை, செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடமான ரெஜிஸ்டரில் இன்னும் எழுதியிருக்காது. அந்த விடையைக் கேட்டு இரண்டாவது கட்டளை கூட்டல் வாசலில் வந்து நிற்கும். மூன்றாவது கட்டளையை எடுத்திருக்கவே கூடாது என்பது இனிமேல்தான் தெரியவரும். விரல் ஒன்று, இடம் ஐந்து. இப்படிப் பார்க்கக் கண் பழகும் வரை எவ்வளவு நல்ல விளக்கமும் காதோடு நின்றுவிடுகிறது. ஆகவே, நான் எந்தப் பாடத்தையும் ஒரே அளவுகோலால்தான் அளக்கிறேன்: ஒரே கணத்தில் பல இடங்களில் நடப்பதை மாணவர் தம் கையால் கட்டி, தம் பிழையைத் தாமே பிடிக்க அந்தப் பாடம் வழி செய்கிறதா?

பெரும்பாலோர் முதலில் நினைப்பது என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் திட்டம். ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் இந்தத் திட்டத்தில், கரக்பூர் ஐஐடி வழியாக இந்திரனில் சென்குப்தாவும் கமலிகா தத்தாவும் நடத்தும் 12 வாரப் பாடம் கணினிக் கட்டமைப்பை அடிப்படையிலிருந்து தொடங்கி மிப்ஸ் என்ற கட்டளைத் தொகுதி (ஒரு செயலிக்குப் புரியும் கட்டளைகளின் பட்டியல்) வழியாகப் பைப்லைன் வரை கொண்டு செல்கிறது. டெல்லி ஐஐடியின் ஸ்முருதி ரஞ்சன் சாரங்கி நடத்தும் உயர்நிலைப் பாடம் அதற்கு அடுத்த படி. சேர்வதற்குக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் 1000 ரூபாய் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும். வாராந்திரப் பயிற்சிகளுக்கு 25 விழுக்காடு, இறுதித் தேர்வுக்கு 75 விழுக்காடு.

இதன் பலம் ஒழுங்கு. வாரம் தவறாமல் கெடு வருகிறது. நம் பாடத்திட்டத்தோடு வரிசையும் சொற்களும் ஒத்துப்போகின்றன. விரிவுரையாளர் கரும்பலகையில் போடுவது போலவே நிறுத்திக் கணக்குப் போடுகிறார். செயலிக்கு அருகிலுள்ள சிறிய, வேகமான நினைவகமான கேஷில் கிடைத்தால் 1 சுழற்சி (செயலிக் கடிகாரத்தின் ஒரு தட்டு), கிடைக்காமல் போவது 5 விழுக்காடு, அப்படிப் போனால் 100 சுழற்சி கூடுதல் என்றால் சராசரி என்ன என்பது போன்ற கணக்குகளை நிறையப் போட்டுப் பார்ப்பீர்கள். விடை 6 சுழற்சி. நூற்றில் 95 முறை கேட்டது கிடைத்தும் சராசரி நேரம் ஆறு மடங்காகிவிடுகிறது என்பதை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவர், கேஷ் எதற்கு என்று மறுபடி கேட்க மாட்டார். முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வுக்குத் தயாராகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. கல்லூரி ஏற்றுக்கொண்டால் கிரெடிட்டாகவும் மாற்றிக்கொள்ளலாம். அதைச் சேருவதற்கு முன்பே துறைத்தலைவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

பலவீனமும் அங்கேயேதான் இருக்கிறது. வாராந்திரப் பயிற்சி பெரும்பாலும் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வதாக முடிந்துவிடுகிறது. நன்றாகச் சொல்லித்தரப்படும் பாடம்தான் என்றாலும், பிழை செய்ய அது இடம் தருவதில்லை. பயிற்சியில் தவறினால் மதிப்பெண் குறையும், சரியான விடை அடுத்த வாரம் தெரிந்துவிடும், அத்தோடு சரி. நான் மாணவனாக இருந்தபோது இப்படித்தான் ஒரு பாடத்தை முழுவதும் கேட்டு முடித்து, எல்லாம் தெரிந்துவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த நம்பிக்கையைக் கலைத்தது இரண்டாவது வழி: பெர்க்லியின் சிஎஸ் 61சி. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இளநிலை மாணவர்களுக்கு நடத்தப்படும் இந்தப் பாடத்தின் குறிப்புகள், ஆய்வகப் பயிற்சிகள், செயல்திட்ட விளக்கங்கள் ஆகியவை இணையத்தில் திறந்தே கிடக்கின்றன. அதே வளாகத்தில் 2010இல் பிறந்த ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியைத்தான் இப்போது அங்கே கற்பிக்கிறார்கள். சி மொழியில் தொடங்கி, செயலியின் கட்டளைகளை ஒவ்வொன்றாக எழுதும் அசெம்பிளி மொழிக்கு இறங்கி, கையெழுத்து எண்களை அடையாளம் காணும் சிறு நிரலை அசெம்பிளியிலேயே எழுதவைத்து, அடுத்ததாக அந்த அசெம்பிளியை ஓட்டும் செயலியையே லாஜிசிம் என்ற மென்பொருளில் கம்பி கம்பியாக வரையச் சொல்கிறார்கள். லாஜிசிம்முக்கு ஜாவா இருந்தால் போதும்; பழைய மடிக்கணினியிலும் ஓடும். அசெம்பிளியைச் சோதிக்கும் வீனஸ் என்ற சிமுலேட்டர் உலாவியிலேயே திறக்கும். அரசு தந்த மடிக்கணினியை வைத்தே இதை முடித்த மாணவர்களை நான் அறிவேன்.

அங்கே கட்டும் செயலி இரண்டே நிலை கொண்ட பைப்லைன்: ஒரு நிலையில் கட்டளையை எடுப்பது, மறுநிலையில் செய்து முடிப்பது. நம் பாடப்புத்தகத்தின் ஐந்து நிலைப் படத்தைப் பார்த்துப் பழகியவருக்கு இது எளிமையாகத் தோன்றும், எனக்கும் தோன்றியது. கட்டி முடித்ததும் ஒரு சிறு நிரலை ஓட்டினேன். 3, 2, 1 ஆகிய எண்களை ஒரு சுற்றில் (லூப்) கூட்டி, சுற்று முடிந்தபின் கூட்டுத்தொகையை இரட்டிப்பாக்க வேண்டும். வர வேண்டியது 12. என் செயலி 34 என்றது.

அன்று இரவு நான் முதலில் சந்தேகப்பட்டது செயலியின் கூட்டல் மின்சுற்றை. அதைத் தனியாக எடுத்துச் சோதித்தேன், சரியாக இருந்தது. ரெஜிஸ்டர்களைச் சோதித்தேன், அவையும் சரி. பிறகு ஒரு கட்டத்தாளை எடுத்து, ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு நெடுவரிசை போட்டு, எந்த நிலையில் எந்தக் கட்டளை இருக்கிறது, கூட்டுத்தொகை ரெஜிஸ்டரில் என்ன எண் இருக்கிறது என்று எழுதிக்கொண்டே கடிகாரத்தை ஒவ்வொரு தட்டாக நகர்த்தினேன். முதல் சுற்றில் தொகை 3 ஆனது. "பூஜ்யம் ஆகவில்லை, சுற்றின் தொடக்கத்துக்குத் திரும்பு" என்ற பிரான்ச் கட்டளை சரியாகவே திரும்பியது. ஆனால் அது திரும்பிய கணத்தில் ரெஜிஸ்டரில் 3 இருந்த இடத்தில் 6 இருந்தது. பிரான்ச் முடிவெடுத்துக்கொண்டிருந்த அதே சுழற்சியில், அதற்கு அடுத்த வரியில் இருந்த இரட்டிப்புக் கட்டளையை முதல் நிலை ஏற்கெனவே எடுத்து வைத்துவிட்டது. அதைத் தடுக்க நான் எதையும் வைக்கவில்லை. 6, பிறகு 2 கூட 8, அது இரட்டித்து 16, பிறகு 1 கூட 17, கடைசியில் முறைப்படி இரட்டித்து 34.

கன்ட்ரோல் ஹசார்டு என்பது இதுதான். 13 மதிப்பெண் கேள்விக்கு இதே தலைப்பில் இரண்டு பக்கம் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். என் செயலியில் அது நேராக வந்து நின்றபோது அரை இரவு வரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தீர்வு ஒரே ஒரு மல்டிபிளெக்சர், அதாவது உள்ளே வருபவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்து வெளியே விடும் மின்சுற்று: பிரான்ச் திரும்பினால், எடுத்து வைத்த கட்டளைக்குப் பதிலாக எதையும் செய்யாத கட்டளையை, அதாவது பதினாறடிமானத்தில் 00000013 என்ற எண்ணை, அடுத்த நிலைக்குள் விட வேண்டும். ரிஸ்க்-ஃபைவில் பூஜ்ய ரெஜிஸ்டரோடு பூஜ்யத்தைக் கூட்டிப் பூஜ்ய ரெஜிஸ்டரிலேயே எழுதும் கட்டளை அது. எழுதினாலும் அங்கே எதுவும் மாறாது. அதைப் பொருத்தி மறுபடி ஓட்டியபோது 12 வந்தது. இன்றும் வேலையில் ஒரு செயலி தவறான விடை தரும்போது நான் முதலில் செய்வது அந்தக் கட்டத்தாள் வேலையைத்தான்; தாள் மட்டும் திரைக்கு மாறியிருக்கிறது.

இந்த வழிக்கும் விலை உண்டு, அதை மறைக்க மாட்டேன். வெளியிலிருந்து படிப்பவருக்கு ஐயம் தீர்க்க ஆள் இல்லை. மதிப்பெண் போடும் தானியங்கிச் சோதனை அங்குள்ள மாணவர்களுக்கு மட்டுமே. செயல்திட்டத்தோடு வரும் சில சோதனைகளுக்கு மேல் நாமே எழுதிக்கொள்ள வேண்டும். சி மொழியில் பாயிண்டர் தடுமாறுகிறவர் முதல் செயல்திட்டத்திலேயே நின்றுவிடுவார். எல்லாவற்றையும்விட, முடித்த விடைகளைப் பலர் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த 34 வந்த இரவில் நான் அவற்றில் ஒன்றைத் திறந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் மல்டிபிளெக்சரைப் பார்த்திருப்பேன். ஹசார்டு இன்றுவரை எனக்கு ஒரு படமாகவே இருந்திருக்கும். திறக்காதீர்கள் என்று தம்பி தங்கைகளிடம் நான் கெஞ்சிக் கேட்பது இந்த ஒன்றைத்தான்.

மூன்றாவது வழி ஓனூர் முத்லுவின் விரிவுரைகள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கற்பித்துவிட்டு, சூரிக்கின் ஈடிஎச் பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர். இரண்டு இடங்களிலும் அவர் நடத்திய வகுப்புகள் முழுமையாக யூடியூபில் உள்ளன. படத்தாள்கள், வீட்டுப்பாடங்கள், பழைய வினாத்தாள்கள் எல்லாம் கூடவே கிடைக்கின்றன. இவற்றின் அருமை, எந்தக் கருத்தும் எதற்காகப் பிறந்தது, ஏன் சில காலம் கிடப்பில் கிடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதில் இருக்கிறது. கட்டளைகளை வரிசை மாற்றி, எது தயாரோ அதை முதலில் செய்யும் முறையை ராபர்ட் டொமசுலோ ஐபிஎம் 360 மாடல் 91 கணினிக்காக வகுத்து 1967இல் வெளியிட்டார். ஆனால் நடுவே ஒரு கட்டளையில் பிழை நேர்ந்தால் எதுவரை முடிந்தது என்று அந்த முறையில் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை. விடைகளை நிரலின் வரிசைப்படியே பதிவுசெய்யும் ரீஆர்டர் பஃபர் என்ற ஏற்பாடு 1980களில் வந்து இந்தச் சிக்கலைத் தீர்த்த பிறகுதான் அது பரவலானது; இன்டெல் 1995இல் கொண்டுவந்த பென்டியம் ப்ரோ இந்த வழியில் அமைந்தது. பாடப்புத்தகத்தில் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கும் இரு படங்களுக்கு நடுவே ஏறத்தாழ இருபது ஆண்டு இடைவெளி இருந்தது என்று தெரிந்தபோது, ரீஆர்டர் பஃபர் மனப்பாடம் செய்ய வேண்டிய பெட்டியாக எனக்குத் தோன்றுவது நின்றது. 2014இல் முத்லுவின் குழு வெளியிட்ட ரோஹேமர் ஆய்வும் இப்படிப்பட்டதே: கணினியின் முதன்மை நினைவகமான டிராமின் ஒரு வரிசையை மீண்டும் மீண்டும் திறந்தால் பக்கத்து வரிசையில் பிட்கள் புரண்டுவிடுகின்றன. நினைவகத்தை நம்பகமான அலமாரி என்றே எண்ணியிருந்த மாணவருக்கு அந்த விரிவுரை பெரிய திறப்பு.

ஆனால் ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் விரிவுரை. கேட்கும்போது புரிவது போலவே இருக்கும். நல்ல விரிவுரைக்கே உரிய ஆபத்து அது. சூரிக் மாணவர்கள் பேசிஸ் 3 என்ற எஃப்பிஜிஏ பலகையில் (நாம் வரையும் மின்சுற்றாக மாற்றியமைக்கக்கூடிய சில்லு கொண்ட பலகை) ஆய்வகம் செய்கிறார்கள். நம்மில் பலருக்கு அந்தப் பலகையை வாங்கும் வசதி இராது. ஆய்வகம் இல்லாமல் விரிவுரையை மட்டும் வரிசையாகக் கேட்டு முடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிரான்ச் முன்கணிப்பு (பிரான்ச் எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே ஊகிப்பது), வரிசை மாற்றிச் செய்தல், கேஷ், டிராம் ஆகிய பகுதிகளை மட்டும், கையால் ஏதாவது கட்டி முடித்த பிறகு கேட்பதே பயன் தரும்.

இன்னும் இரண்டு வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜியா டெக்கின் சிஎஸ் 6290 முதுநிலைப் பாடம். 2014இல் தொடங்கிய அவர்களுடைய இணையவழி முதுநிலைப் படிப்பில் வேலை செய்துகொண்டே படிக்கும் பலர் இதை எடுக்கிறார்கள். மிலோஷ் ப்ருவுலோவிச்சின் சின்னச் சின்ன ஒளிப்பாடங்களும் இடையிடையே வரும் கேள்விகளும் டொமசுலோ அட்டவணையை நிரப்பப் பழகுவதற்கு மிக நன்று. செயல்திட்டங்களின் முழுப்பயன், சேர்ந்து படிக்கிறவருக்கே. இரண்டாமாண்டு மாணவர் இதில் தொடங்கக் கூடாது. வேலைக்குப் போய் மூன்றாண்டுகள் கழித்து நினைத்துப் பார்க்கலாம். மற்றொன்று நோம் நிசானும் ஷிமோன் ஷோக்கெனும் உருவாக்கிய நேண்ட்-டு-டெட்ரிஸ். டிஜிட்டல் சுற்றுகளின் அடிப்படைத் துண்டுகளில் ஒன்றான நேண்ட் கேட்டிலிருந்து தொடங்கி, ஆறு செயல்திட்டங்களில் ஹேக் என்ற 16 பிட் கணினியையும் அதற்கான அசெம்பிளரையும் கட்டவைக்கும். அதில் பைப்லைனும் இல்லை, கேஷும் இல்லை. முதல் இரண்டு யூனிட்களிலேயே தடுக்கி விழுந்தவருக்கு, ஒரு பிட்டை நினைவில் வைக்கும் ஃபிளிப்-ஃபிளாப் எதற்கென்றே புரியாமல் அட்டவணையை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு, இது மருந்து. மற்றவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

இவற்றில் எதைத் தேர்வது என்பதற்கு என் விடையைத் தெளிவாகவே சொல்கிறேன். கேட் எழுதப் போகிறவரும் அரியர் வைத்திருக்கிறவரும் என்பிடெலை எடுக்க வேண்டும். அவர்களுக்கு வேண்டியது கணக்குப் பழக்கமும் கெடுவும். மற்ற எல்லோருக்கும், குறிப்பாகச் சில்லு வடிவமைப்பு, இயங்குதளம், கம்பைலர் ஆகிய துறைகளை நோக்கிப் போக விரும்புகிறவருக்கு, 61சி செயலிச் செயல்திட்டம்தான் என் பரிந்துரை. முழுப் பாடத்தையும் முடிக்க நேரம் இல்லையென்றால் அசெம்பிளி ஆய்வகங்களும் அந்த ஒரு செயல்திட்டமும் போதும். ரிஸ்க்-ஃபைவைக் கற்பதற்கு இங்கே வேறொரு பயனும் உண்டு. சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி தலைமையில் வளர்ந்த சக்தி செயலிகள் இதே கட்டளைத் தொகுதியில் அமைந்தவை. 2018இலேயே அவற்றில் லினக்ஸ் ஓடிவிட்டது. அவற்றின் வடிவமைப்பு மூலம் திறந்தே இருக்கிறது. இரண்டு நிலைப் பைப்லைனைத் தம் கையால் கட்டிய மாணவர், கிண்டியில் உருவான ஓர் உண்மையான செயலியின் பகுதிகளைத் திறந்து, இது எடுக்கும் நிலை, இது கேஷ் என்று படிக்கத் தொடங்கலாம். அந்த வாய்ப்பு என் தலைமுறைக்கு மாணவப் பருவத்தில் இருக்கவில்லை.

காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். என்பிடெலின் ஜூலைச் சுற்று மூன்றாம் செமஸ்டரோடு சேர்ந்தே ஓடுகிறது. தாளைப் படிக்கும்போதே அதையும் எடுத்தால் இரண்டுக்கும் ஒரே உழைப்பு உதவும், ஆனால் இன்டர்னல் தேர்வுகளோடு கெடுக்கள் மோதும். ஜனவரிச் சுற்றில் அந்த மோதல் குறைவு. 61சி செயல்திட்டத்தை டிசம்பர் விடுமுறையில் தொடங்குவது நல்லது. இடையில் இரண்டு வாரம் விட்டுவிட்டுத் திரும்பினால் எந்தக் கம்பி எதற்கென்று நீங்கள் வரைந்ததே உங்களுக்கு மறந்துபோகும். தனியாகச் செய்வதைவிட இருவராகச் செய்யுங்கள். ஆனால் ஆளுக்குப் பாதி என்று பிரிக்காமல், இருவரும் தனித்தனியே ஒரு செயலி கட்டி, ஒருவர் எழுதிய சோதனையை மற்றவர் செயலியில் ஓட்டிப் பாருங்கள். மூன்று எண்களைக் கூட்டி இரட்டிக்கும் அந்தச் சிறு நிரலையும் உங்கள் சோதனைகளில் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். 34 வந்தால், விடை தேடிப் போவதற்கு முன் ஒரு கட்டத்தாளை எடுங்கள்.